முதியோர் வாயும் மூலிகைக் குச்சியும்

ஆலையும் வேலையும் பல்லுக்கு உறுதியாகவும், நாலடியாரையும் திருக்குறளையும் சொல்லுக்கு உறுதியாகவும் இணைத்துப் பேசும் முதுமொழியைத் தமிழ்த்துறை மாணவர் அனைவரும் அறிவர். பல்லையும் சொல்லையும் ஒரே தட்டில் வைத்து எண்ணிய நம் முன்னோரின் கூர்மை வியப்பிற்குரியது. அம்முதுமொழியின் முழுப்பொருளை நாங்கள் வகுப்பறையில் உணரவில்லை. எங்கள் நன்னாவின் நோய்ப்படுக்கையின் அருகே அமர்ந்தபோதுதான் உணர்ந்தோம். அந்த அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால், பல்கலைக்கழகம் அமைந்துள்ள காலாப்பட்டை அடுத்து வருவது கனகசெட்டிக்குளம். கடலை நம்பி வாழும் மக்களின் ஊர். எங்கள் தாயாரின் தந்தையாகிய நன்னா, கருவாட்டு வணிகத்திற்காக அவ்வூருக்குச் சென்று, ஊராரின் அன்பில் கட்டுண்டு அங்கேயே தங்கிவிட்டவர். சுபுஹுத் தொழுகைக்கு உளூச் செய்யுமுன் மிஸ்வாக் குச்சியால் பல் துலக்குவது அவர் வழக்கம். அடுத்த வீட்டு மீனவப் பெரியவர் வேப்பங்குச்சியை மென்றபடி வந்து நிற்பார். “பாய், உங்க குச்சி மக்காவிலேருந்து வருது, என் குச்சி கொல்லையிலேருந்து வருது. பல்லு விளக்கினா ரெண்டும் ஒண்ணுதான்” என்பார். நன்னா வாய்விட்டுச் சிரிப்பார். எழுபதைக் கடந்த இருவருக்கும் பெரும்பாலான பற்கள் நிலைத்திருந்தன.

மிஸ்வாக் என்றவுடன் அயல்நாட்டுப் பொருள் என நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அது கிடைக்கும் மரத்திற்குத் தமிழில் உகா என்று பெயர். குறுந்தொகையில் பாலை நிலத்து மரமாக வரும் உகா இதுவே. தமிழகக் கடலோரத்து உவர்நிலங்களிலும் இம்மரம் வளர்கிறது. குச்சியின் முனையை மென்றால் நார் பிரிந்து தூரிகை போலாகும். அந்நார் பல்லின்மீது படிந்த அழுக்கை அகற்றும். மெல்லும் செயலே உமிழ்நீரைச் சுரக்கச் செய்யும். குச்சியின் சாறு கிருமிகளின் பெருக்கத்தை ஓரளவு தடுக்கும். உலக சுகாதார நிறுவனம் 1980களிலேயே இத்தகைய குச்சிகளின் பயன்பாட்டை ஊக்குவித்தது. எனினும், 2000ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு வல்லுநர் அறிக்கை ஒன்று, மிஸ்வாக்கின் பயனை உறுதிசெய்ய மேலும் ஆய்வு தேவை என்று கூறியது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையாகும்.

நன்னாவின் எழுபத்தெட்டாம் வயதில் பக்கவாதம் அவரைத் தாக்கியது. வலக்கை செயலிழந்தது, நா குழறியது. மிஸ்வாக் குச்சியைப் பிடிக்கவும் இயலவில்லை, மெல்லவும் இயலவில்லை. நகரத்தில் படித்துக்கொண்டிருந்த பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் விடுமுறையில் சென்று அவருக்குப் பணிவிடை செய்தோம். கடையில் விற்கும் பற்பசையைக் காட்டிலும் இயற்கைப் பொருளே அவருக்கு ஏற்றது என முடிவு செய்தோம். வேலம்பட்டையை இடித்தோம், அடுப்புக்கரியும் கல்லுப்பும் கிராம்பும் சேர்த்துப் பொடியாக்கினோம். காலையும் மாலையும் அப்பொடியை விரலில் தொட்டு, அவருடைய பற்களையும் ஈறுகளையும் அழுத்தித் தேய்த்தோம். அழுத்தத் தேய்த்தால் நன்கு தூய்மையாகும் என்பது எங்கள் நம்பிக்கை. ஈற்றில் கசிந்த குருதியைக் கெட்ட இரத்தம் வெளியேறுகிறது என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

சில நாட்களில் நன்னா சோற்றை மறுத்தார். பிறகு கஞ்சியையும் இரண்டு கரண்டியோடு நிறுத்தினார். உடல் மெலிந்தது. முதுமையில் பசி குறைவது இயல்பே என்று வீட்டார் எண்ணினர். உண்மையைக் கண்டறிந்தவர் அடுத்த வீட்டு மீனவப் பெரியவர்தாம். நாள்தோறும் வந்து நண்பரின் கட்டிலருகே அமரும் அவர், ஒருநாள் எங்களைத் தனியே அழைத்தார். “தம்பி, பாய்க்குப் பசி இல்லாம இல்ல. வாயைத் திறக்கப் பயப்படுறாரு. நீங்க பொடிக் கிண்ணத்தை எடுத்தாறப்போ அவரு முகத்தைப் பாருங்க” என்றார்.

அன்று மாலை பார்த்தோம். கிண்ணத்தைக் கண்டதும் நன்னா கண்களை இறுக மூடிக்கொண்டார். ஆயினும், பேரப்பிள்ளைகள் மனம் நோகக்கூடாதென்று வாயைத் திறந்தார். வலிக்கிறது என்று சொல்ல அவரிடம் சொல் இல்லை. பல்லும் சொல்லும் ஒருசேரத் தளர்ந்த ஒருவரை, அன்பின் பெயரால் வருத்திக்கொண்டிருந்தோம் என்பதை உணர்ந்து நாணினோம்.

மறுநாள் புதுச்சேரியில் பல் மருத்துவர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றோம். ஈறுகள் புண்ணாகியிருந்தன, இரு பற்களின் வேர்ப்பகுதி அரித்திருந்தது. அம்மருத்துவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை, பொறுமையாக விளக்கினார். முதுமையில் ஈறு கீழிறங்கிப் பல்லின் வேர் வெளிப்படுகிறது. பல்லின் மேற்பகுதியை மூடியுள்ள கடினமான எனாமல், வேரின்மீது இல்லை. ஆகவே கரி, செங்கற்பொடி, உப்புப்பரல் போன்ற சொரசொரப்பான பொருள்கள் வேரை எளிதில் தேய்த்துவிடும். இரத்த அழுத்தம் முதலியவற்றிற்கு உண்ணும் மருந்துகள் பல, உமிழ்நீரைக் குறைக்கின்றன. வாயைக் கழுவிக் காக்கும் உமிழ்நீர் குறையவே, சொத்தை விரைந்து பரவுகிறது. கிராம்பு எண்ணெயை நீர்க்காமல் தடவினால் மென்மையான தோல் வெந்துவிடும். விழுங்கும் ஆற்றல் குன்றியவர் நல்லெண்ணெயை வாயில் இட்டுக் கொப்பளித்தால் அது மூச்சுக்குழலில் இறங்கக்கூடும். ‘இருபது வயதுக்காரருக்கு நன்மை தரும் பொருள், எண்பது வயதுக்காரரின் வாய்க்கும் நன்மை தருமா என்று கேட்டுப் பாருங்கள்’ என்பதே அவர் சொன்னதன் சுருக்கம்.

ஊர் திரும்பியதும் பொடியைக் கொட்டிவிட்டோம். நன்னாவைச் சாய்த்துப் படுக்கவைத்துப் பல் துலக்கும் பழக்கத்தையும் விட்டோம். நிமிர்ந்து உட்காரவைத்து, மென்மையான பல்துலக்கியில் ஃபுளோரைடு கலந்த பற்பசையைப் பட்டாணி அளவு மட்டும் இட்டு, மெதுவாகத் துலக்கினோம். ஃபுளோரைடு வேர்ச்சொத்தையைத் தடுக்க உதவும் என்று மருத்துவர் கூறியிருந்தார். கொப்பளிக்க இயலாத அவருக்கு, நனைத்துப் பிழிந்த தூய துணியை விரலில் சுற்றி, கன்னத்தின் உட்புறத்தையும் நாவையும் துடைத்தோம். வாய் உலராதிருக்க, சிறுசிறு மிடறாக நீர் கொடுத்தோம்.

அப்படியாயின் மிஸ்வாக் என்னவாயிற்று? நன்னாவின் கண்கள் அதைத் தேடின. மீனவப் பெரியவரே வழிகண்டார். குச்சியின் முனையை இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, தோலைச் சீவி, பஞ்சுபோல் நாராகும்வரை தட்டிக் கொடுத்தார். ஈற்றின்மேல் படாமல், பல்லின்மீது மட்டும் அதனை மெல்ல வருடினோம். அன்று நன்னாவின் முகத்தில் மலர்ந்த நிறைவை எழுத்தில் வடிக்க இயலாது. இரண்டு வாரங்களில் புண் ஆறியது. ஒரு நண்பகலில், அண்டை வீட்டிலிருந்து வந்த மீன்குழம்பின் மணம் கண்டு, இடக்கையால் சோற்றுத்தட்டைச் சுட்டிக்காட்டினார். அதன்பின் இரண்டாண்டுகள் நம்மிடையே வாழ்ந்தார்.

இது வெறும் பல்லைப் பற்றிய செய்தி அன்று. வாயில் பெருகும் கிருமிகள், படுத்த படுக்கையாய் உள்ள முதியோரின் மூச்சுக்குழலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்க வல்லவை. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டாண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவு 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பராமரிப்போர் நாள்தோறும் வாயைத் தூய்மை செய்துவிட்ட முதியோரில் நூற்றுக்கு 11 பேரும், அவ்வாறு செய்யப்படாதோரில் நூற்றுக்கு 19 பேரும் நிமோனியாவுக்கு ஆளாயினர் என்பது அதன் முடிவு. ஒரு சிறு துலக்கி செய்யும் பெரும்பணி இது!

நாட்டுப்பொருள் என்ற பெயரிலேயே தீங்கும் உலவுகிறது. புகையிலைத்தூளால் பல் தேய்க்கும் பழக்கம் முதியோர் பலரிடம் இன்றும் உண்டு. பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992இலேயே தடைசெய்தது. புகையிலையும் ஒரு செடியே. ஆயினும் அது வாய்ப்புற்றுக்கு வழி வகுப்பது. செடியில் விளைந்தது என்பதாலேயே ஒரு பொருள் நன்மையாகிவிடாது.

இவ்விடத்தில் நாம் அனைவரும் அறிந்த ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்தல் தகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறுதி நோயில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மீது சாய்ந்திருந்தார்கள். அங்கு வந்த அன்னையாரின் சகோதரர் கையில் ஒரு மிஸ்வாக் இருந்தது. பெருமானாரின் பார்வை அதன்மீது படுவதை அன்னையார் கண்டார்கள். அதனை வாங்கி, தம் பல்லால் மென்று மென்மையாக்கிக் கொடுத்தார்கள். மிஸ்வாக்கின் சிறப்பைக் கூறுவதற்காக இந்நிகழ்ச்சியைப் பலமுறை கேட்டிருக்கிறோம். நன்னாவிற்குப் பணிவிடை செய்த பின்னரே, குச்சியை மென்மையாக்கிய செயல் எங்கள் நெஞ்சில் பதிந்தது. நோயுற்றவரின் பார்வையை அறிந்து, அவர் வாய் தாங்கும் அளவிற்கு அதனைப் பக்குவப்படுத்திய பரிவு அது. மீனவப் பெரியவர் அந்நிகழ்ச்சியைக் கேட்டவர் அல்லர். ஆயினும் அதே பரிவு அவர் கையிலும் இருந்தது.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் இல்லம் செல்லும்போது, உங்கள் வீட்டு முதியவரின் வாயை ஒருமுறை ஒளியில் பாருங்கள். ஈறு சிவந்துள்ளதா, நா உலர்ந்துள்ளதா, ஆறாத புண் உள்ளதா என்று பாருங்கள். பொய்ப்பல் அணிந்தவராயின், இரவில் அதனைக் கழற்றித் தூய்மைசெய்து தண்ணீரில் இட உதவுங்கள். அவர் உணவை மறுத்தால் முதுமையின்மீது பழிபோடுமுன் வாயைப் பாருங்கள். சான்றோர்களே, வலித்தால் வலிக்கிறது என்று எங்களிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் மனம் நோகாது. சொல்ல இயலாத ஒருவர் பொறுத்துக்கொண்ட வலிதான் எங்கள் மனத்தில் இன்றும் நோகின்றது.