இரண்டாம் அடியில் வெடித்த தோட்டா

மான் வேட்டைப் பருவத்துக்காக ரைஃபிள் தோட்டாக்களை நானே நிரப்பக் கற்றது மோன்டானாவில். கற்றுத்தந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். லேத் பட்டறையில் உழைத்து ஓய்வுபெற்றவர்.

நான் நிரப்பிய முதல் 20 தோட்டாக்களில் மூன்று வெடிக்கவில்லை. விசையை இழுத்தால் 'டக்' என்ற ஓசை மட்டும். போல்ட்டைத் திறக்கப் போன என் கையைப் பெரியவர் பிடித்துக்கொண்டார். சில தோட்டாக்கள் தாமதமாகப் பற்றும். குழல் இலக்கை நோக்கியே இருக்க, 30 வினாடி எண்ணினோம். பிறகு போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கி இறக்கி, சுடும் ஊசிக்கு மறுபடி விசையேற்றி அடித்தேன். வெடித்தது. மற்ற இரண்டும் அப்படியே வெடித்தன.

"வாங்கின பிரைமர் மட்டம்," என்றேன்.

அவர் ஒப்பவில்லை. "பிரைமர் செத்திருந்தால் இரண்டாம் அடிக்கும் எழுந்திருக்காது. முதல் அடி எதில் செலவாச்சு? அதைத் தேடு."

பிரைமர் ஒரு குட்டிக் கிண்ணம். உள்ளே அடித்தால் பற்றும் கலவை. அதன்மேல் சின்னப் பட்டடை போல ஒரு தகடு. தகட்டின் கால்கள் தோட்டாக் கூட்டின் குழியடியில் ஊன்றியிருந்தால்தான், ஊசி அடிக்கும்போது கலவை நடுவில் சிக்கி நசுங்கும். குழியில் முழுதாக இறங்காத பிரைமரை முதல் அடி உள்ளே தள்ளுகிறது. அதிலேயே அதன் வலு தீர்ந்துவிடும். இரண்டாம் அடிதான் கலவைக்குக் கிடைக்கும்.

மிச்சமிருந்த தோட்டாக்களின் அடியைத் தடவச் சொன்னார். இரண்டில் விரல் இடறியது. பிரைமர் அடித்தளத்தைவிட 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளடங்கி இருக்க வேண்டும். அந்த இரண்டும் வெளியே துருத்தி நின்றன. கையிலேயே வெடித்துவிடுமோ என்ற பயத்தில் நான் அரைகுறையாக அழுத்தியிருந்தேன். குழியில் பழைய கரியையும் சுரண்டவில்லை. பழி பிரைமர்மேல் போனது.

எல்லா 'டக்'கும் இதனால் வருவதில்லை. நவம்பர் குளிரில் மறுபடி ஒன்று வெடிக்காதபோது பிரைமர் சரியாகவே இறங்கியிருந்தது. ஊசி பதித்த பள்ளம்தான் ஆழமில்லை. போல்ட்டுக்குள் கிரீஸ் உறைந்து ஊசியின் வேகத்தைக் கெடுத்திருந்தது. துடைத்ததும் சரியானது. சுட்ட கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் டையில் அதன் தோளை அதிகம் பின்தள்ளிவிட்டாலும் பள்ளம் மேலோட்டமாகவே விழும். கூடு முன்னால் நழுவி அடியை வாங்கிக்கொள்ளும்.

சுட்ட பிரைமர் தட்டையாகியிருந்தால் 'அழுத்தம் மிஞ்சிவிட்டது' என்று உடனே முடிவு கட்டுவோர் உண்டு. தோள் பின்தள்ளப்பட்டு இடைவெளி கூடினாலும் தட்டையாகும். கூடவே போல்ட் இறுகித் திறக்க மறுத்தால், பிரைமர் துளைபட்டால், அது அபாயம். அதன்பின் அந்த மருந்தளவில் நிரப்பிய ஒன்றைக்கூடச் சுடக்கூடாது.

ஒரு வேண்டுகோள்: மருந்தும் குண்டும் ஏற்றிய தோட்டாவில் பிரைமர் துருத்தியிருந்தால் அதை மறுபடி அழுத்தாதீர்கள். குண்டைக் கழற்றி மருந்தைக் கொட்டிய பிறகே அதைத் தொடுங்கள்.