எனக்கென்ன விசரே?

ஏ.எல். இரண்டாந்தரம் எடுக்கேக்க, மூன்று மாதம் எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. விடியப்புறம் மூன்று மணிக்கே முழிப்பு. பசியில்லை. குளிக்கவும் மனமில்லை. வீட்டில் அதைப் பஞ்சி எண்டுதான் நினைச்சினம். அம்மம்மா நாவூறு கழிச்சா, அம்மா கோயிலில் நூல் கட்டுவிச்சா. அவையளுக்குத் தெரிந்த வைத்தியம் அது, நான் குறை சொல்லேல்லை.

மனநல கிளினிக்குக்குப் போவம் எண்டு அக்கா கேட்டபோதுதான் "எனக்கென்ன விசரே?" எண்டு கத்தினேன். பகிடிக்கு நாளுக்குப் பத்துத்தரம் நாங்கள் சொல்லுற சொல். அண்டைக்கு அது என்னையே மறிச்சது.

கடைசியில் போனது அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. காசு கட்டத் தேவையில்லை. வாங்கில் எனக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையோடு ஒரு பிள்ளை, அங்கால திருநீறு பூசின ஒரு ஐயா. டொக்டர் முதலில் கேட்டதே நித்திரையைப் பற்றித்தான். மனச்சோர்வு, குளிசை வேலை செய்ய இரண்டு மூன்று கிழமை எடுக்கும், இடையில் நிப்பாட்டக்கூடாது எண்டார். பத்தாம் நாளே நிப்பாட்டப் பார்த்தேன். அக்கா விடேல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகத் துணிவு வராட்டி 1926க்கு எடுங்கோ. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் இருக்கு, தமிழில் கதைக்கலாம். கிளினிக்குக்குப் போக முதல் நானும் ஒருநாள் நடுச்சாமத்தில் எடுத்தனான். கதைக்க வரேல்லை, அழுகைதான் வந்தது. அந்தப் பக்கம் ஃபோனை வைக்காமல் இருந்தினம்.