பரணில் இருந்த சிறகு

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை துபாயிலிருந்து எங்கள் மகன் தொலைபேசியில் பேசினான். நலம் விசாரித்து, கண்மாயில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று கேட்டு, வழக்கமான பேச்செல்லாம் முடிந்தபின் சற்றுத் தயங்கினான்.

"அப்பா, கோடை லீவுக்கு வரும்போது பயலுக்கு ஒரு கிளைடர் வாங்கிட்டு வரலாம்னு இருக்கேன். மரத்துல நாமளே ஒட்டிச் செய்யறது. ரேடியோவால ஓட்டலாம். நாலஞ்சு வகை இருக்கு. எத வாங்கட்டும்? அம்மாவும் நீங்களும் பாத்துச் சொல்லுங்க."

எழுபதைத் தாண்டிய இருவரிடம், அதிலும் வீரசோழனில் ஓட்டுவீட்டுத் திண்ணையில் பொழுது கழிக்கும் இருவரிடம், வானில் பறக்கும் பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

1998-ஆம் ஆண்டு. மகன் மேல்நிலை இறுதி வகுப்பில் இருந்தான். கப்பலில் வேலை பார்த்த அவனுடைய தாய்மாமன் சிங்கப்பூரிலிருந்து நீண்டதோர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அமெரிக்காவின் கார்ல் கோல்ட்பர்க் நிறுவனம் வெளியிட்ட 'ஜென்டில் லேடி' என்னும் கிளைடர். சிறகின் நீளம் இரண்டு மீட்டர். இரவில் எல்லாரும் படுத்தபின் அவன் கூடத்தில் அமர்ந்து, தையற்பெட்டியிலிருந்து கடன் வாங்கிய குண்டூசிகளால் மெல்லிய மரத்துண்டுகளை வரைபடத்தின்மேல் குத்தி நிறுத்தி ஒட்டிக்கொண்டிருப்பான். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் குறைந்தது. நாங்கள் இருவரும் கலந்து பேசி, பரீட்சை முடியட்டும் என்று சொல்லிப் பெட்டியைப் பரணில் ஏற்றினோம். அவன் அழவில்லை. சண்டையும் போடவில்லை. எஞ்சியிருந்த குண்டூசிகளை எண்ணி அம்மாவிடம் கொடுத்தான். பரீட்சை முடிந்தது, நுழைவுத்தேர்வு வந்தது, கல்லூரி வந்தது, வேலை வந்தது. பெட்டியை அவன் கேட்கவில்லை. நாங்களும் இறக்கவில்லை.

இப்போது அவனே எங்களைக் கேட்கிறான்.

எனவே பொறுப்போடு தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தோம். எங்களில் கண்பார்வை மங்காதவர் கைப்பேசியில் படித்துச் சொல்ல, மற்றவர் பழைய நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். இத்தகைய கிளைடர்களுக்கு உகந்த மரம் பால்சா. அது பெரும்பாலும் தென்னமெரிக்காவின் ஈக்வடாரிலிருந்து வருவது. 1947-இல் தோர் ஹெயர்டால் என்னும் நார்வேக்காரர் இம்மரத்தாலான கோன்-டிகி என்ற தெப்பத்தில்தான் பெரு நாட்டிலிருந்து 101 நாள் பயணம் செய்து பசிபிக் தீவுகளை அடைந்தார். ஒரு கன மீட்டர் பால்சா ஏறத்தாழ 160 கிலோதான் இருக்கும். நம் தேக்கு அதைப் போல் நான்கு மடங்கு கனம். எங்களை வியக்கவைத்த செய்தி இன்னொன்று. தாவரவியலார் பால்சாவைப் பருத்தியும் பூவரசும் வெண்டையும் அடங்கிய குடும்பத்தில் சேர்க்கிறார்கள். அருப்புக்கோட்டைத் தறிகளுக்குப் பஞ்சு விளைவித்த கரிசல் மண்ணுக்கு அந்த அயல்நாட்டு மரம் ஒருவகையில் உறவுதான் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

மகன் அனுப்பிய பட்டியலில் எங்கள் கண்ணை முதலில் இழுத்தது 'பேர்ட் ஆஃப் டைம்'. மூன்று மீட்டர்ச் சிறகு, நுனியை நோக்கி வளைந்து குறுகும் அழகு. படத்தைப் பார்த்தாலே மேலே விட்டுவிட வேண்டும் என்று தோன்றும். ஆனால் முதன்முதலாக ஒட்டப்போகும் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அது தகாது. மூக்கில் சிறு மின்மோட்டார் வைத்த வகையும் இருந்தது. எறிந்தால் தானே ஏறிவிடும் என்பது வசதி. நுரைப்பலகையில் செய்து விற்கும் ஆயத்தக் கிளைடரும் உண்டு. நேர்மையாகச் சொன்னால், பறக்கவிடக் கற்றுக்கொள்வதற்கு நுரையே மேல். கருவேலஞ் செடிமேல் விழுந்து உடைந்தாலும் பசை தடவி அன்று மாலையே மறுபடி எறியலாம். ஆனால் அதில் தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து உட்கார வேண்டிய வேலை ஒரு மாலைப்பொழுதுக்குக்கூட வராது. ஆண்டுக்கு நாற்பது நாள் மட்டுமே ஊருக்கு வருகிற தகப்பன் அவன். மாலை தவறாமல் ஒரு மேசைக்கு முன் இருவரையும் இருத்தி வைக்கும் பொருளையே நாங்கள் தேடினோம்.

மோட்டார் இல்லாதது எப்படி மேலே நிற்கும் என்று எங்களுள் ஒருவருக்கு ஐயம். அதற்கான விடையை ஊரிலேயே பார்த்தோம். கிளைடர் எப்போதும் தன்னைச் சூழ்ந்த காற்றுக்குள் மெல்லக் கீழிறங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் அது இறங்கும் வேகத்தைவிட அந்தக் காற்று விரைவாக மேலேறுமானால், அதுவும் கூடவே ஏறிவிடும். பங்குனிச் சித்திரையில் உழுது போட்ட கரிசல் காடு பத்து மணிக்கே கொதிக்கத் தொடங்குகிறது. அங்கே சூடேறிய காற்றுத்தான் சருகையும் புழுதியையும் சுழற்றிக்கொண்டு எழும்புகிறது. அதற்குமேல் பருந்துகள் சிறகை அடிக்காமலே வட்டமிடுகின்றன. மழையில்லாத சீமை என்று வாழ்நாளெல்லாம் குறைசொன்ன இந்த வெயிலுக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது! தொடக்கத்தில் அதை மேலே அனுப்ப, முப்பது மீட்டர் ரப்பர்க் குழாயும் நூற்றிருபது மீட்டர் நூலும் போதுமாம். கவண்கல்லைப் போல இழுத்து விடவேண்டியதுதான். வற்றிய கண்மாய்க்குள் அதற்கு இடமிருக்கிறது.

(வானுக்கும் இப்போது விதிகள் உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் கடற்படையின் வானூர்தித் தளம் இருக்கிறது. அதன் பெயரே 'பருந்து'. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளையும் அரசின் வான்வரைபடத்தையும் பார்த்துக்கொள்ளும் வேலையை மகன் ஏற்றுக்கொண்டான்.)

படிக்கப் படிக்க இன்னொன்றும் கிடைத்தது. நம் நாட்டு விமானப் போக்குவரத்துத் துறையே ஒருகாலத்தில் மனிதர் ஏறிப் பறக்கும் மரக் கிளைடர்களை வடிவமைத்திருக்கிறது. 1958-இல் அசுவினி, 1961-இல் ரோகிணி, 1963-இல் கார்த்திக் என்று அவை பறந்தன. பரணியும் ஒன்று. எஸ். ராமாமிர்தம் என்ற பொறியாளர் இப்பணியில் முன்னின்றவர். விண்மீன்களின் பெயரை மரச்சிறகுகளுக்குச் சூட்டிய அந்தச் செய்தி 1998-இல் எங்களுக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போம்? அப்போதும் பெட்டியைப் பரணில்தான் ஏற்றியிருப்போம் என்று துணைவியார் சொன்னார். மறுக்க முடியவில்லை.

பிறகு ஒருநாள் ஏணி வைத்துப் பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினோம்.

கறையான் உள்ளே சென்றிருந்தது. அச்சில் அழுத்தி வெட்டிய விலாத் துண்டுகளில் பாதி மண்ணாகிவிட்டது. ஆனால் வரைபடம் நெகிழித்தாளில் சுருட்டி இருந்ததால் பிழைத்தது. விரித்துப் பார்த்தோம். இடப்பக்கச் சிறகில் ஒவ்வொரு விலாவுக்கும் எதிரே, ஒட்டிய தேதியைப் பென்சிலால் சிறிதாக எழுதியிருந்தான். நாளுக்கு ஒன்று, சில நாள் இரண்டு. ஏதோ பொழுதையெல்லாம் அதிலேயே கொன்றான் என்றுதான் இத்தனை ஆண்டு நினைத்திருந்தோம். பாடத்தை முடித்துவிட்டு நாளுக்கு ஒரு துண்டை மட்டும் ஒட்டியிருக்கிறான். சிறகின் நுனிக்கு இன்னும் மூன்று விலாக்கள்தான் மீதி இருந்தன.

அவ்வளவு நேரம் கழித்து நாங்கள் பேசிக்கொண்டதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு மகனிடம் சொன்னோம். "இரண்டு மீட்டர், மோட்டார் வேண்டாம். அந்தப் பழைய ஜென்டில் லேடியே இருக்கட்டும்." முதன்முறை செய்பவருக்கு அது பொருத்தம் என்பதற்கும் காரணங்களை அடுக்கினோம். சிறகு நுனிகள் மேல்நோக்கி எழும்பி இருப்பதால் சாய்ந்தாலும் பெரும்பாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். திருப்புவதற்கு ஒன்று, ஏற்றி இறக்குவதற்கு ஒன்று என்று வால்பக்கம் இரண்டே இயக்கங்கள். பழைய பெட்டி கடைகளில் எளிதில் அகப்படாவிட்டாலும், அதே வரைபடத்தின்படி லேசர்க்கதிரால் துண்டுகளை வெட்டித் தரும் சிறு பட்டறைகள் உண்டு.

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

"பரண்ல பாத்தீங்களாப்பா?"

"பாத்தோம். கறையான் தின்னுருச்சு."

"வரைபடம்?"

"இருக்கு."

"அத மடிக்காம வையிங்க. அம்மாட்ட குண்டூசி இருக்கான்னு கேளுங்க."

ஒட்டும் பலகை சமமாக இல்லாவிட்டால் சிறகு முறுக்கிக்கொண்டு, ஊர்தி ஒரு பக்கமாகவே இழுக்கும் என்றும் சொன்னான். கொல்லையில் பழைய தேக்குக் கதவு ஒன்று கிடந்தது. ஆசாரியை வரவழைத்து இழைக்கச் சொன்னோம். அவர் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு பிடித்துப் பார்த்துவிட்டு, நடுவில் இரண்டு நூல் வளைவு இருக்கிறது, நிலையில் மாட்டாத கதவுக்கு இவ்வளவு கணக்கு எதற்கு என்று கேட்டார். அந்த இரண்டு நூலையும் எடுத்துவிடும்படி சொன்னோம்.