கல்லும் சுடரும்

நினைவுச் சின்னம் வெறுங் கல்லன்று. அஃது ஓர் இனத்தின் நெஞ்சம்.

நாம் வாழும் ஓல்போர்க் நகரின் கட்டடச் சுவர்கள் பலவற்றிலே பேரோவியங்கள் பொலிகின்றன. ஒருநாள் அவற்றைக் கண்டு வந்த எம் மகள், "அப்பா, நம் ஊரிலும் இவை உண்டா?" என வினவினாள். தாயும் தந்தையுமாகிய நாம் ஒருவரையொருவர் நோக்கினோம். ஊரைப் பற்றி அவளுக்கு நாம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

அன்றிரவு சொன்னோம். கிளிநொச்சியிலே எறிகணை பாய்ந்த சுவரின் வடிவில் படையினரின் வெற்றிச் சின்னம் நிற்கின்றது. 2009 இல் முள்ளிவாய்க்காலில் மாண்ட எம் மக்களுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எழுந்த தூபியோ, 2021 ஜனவரி 8 ஆம் நாள் இரவில் இடிக்கப்பட்டது. மாணவர் உண்ணாநோன்பிருந்தனர். 11 ஆம் நாள் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏப்ரல் 23 இல் புதிய தூபி திறக்கப்பட்டது.

"இங்கும் மாணவர்தாமே எதிர்த்து நின்றனர்!" என்றாள் மகள். ஜெர்மானியப் படையை எதிர்த்து 1942 இல் சிறைப்பட்ட, இந்நகரத்துச் 'சேர்ச்சில் கழக'ப் பள்ளிச் சிறுவர்களை அவள் அறிந்திருந்தாள்.

1945 இல் கிட்டிய விடுதலையை நினைந்து, மே 4 மாலையில் டென்மார்க் மக்கள் யன்னல்களிலே மெழுகுவர்த்தி ஏற்றுவர். அவ்வாண்டு மே 18 மாலை எம் யன்னலிலும் ஒரு சுடர் எரிந்தது. ஏற்றியவள் மகளே.

பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும்வரை காத்திராதீர். கல்லை இடிக்கலாம், சொல்லிக் கொடுத்ததை இடிக்க இயலாது.