கீபோர்டு கெட்டுப்போகவில்லை

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து என்னைப் போன்ற ஓய்வூதியர்களின் வீட்டுக் கணினிகளும் ஒவ்வொன்றாகப் புதிய இயங்குதளத்துக்கு மாறி வருகின்றன. மாறிய மறுநாள் நண்பர்கள் போனில் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "கீபோர்டு கெட்டுப்போச்சு சார்." கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் கணினியைக் கடைக்காரத் தம்பி மாற்றிக் கொடுத்தது ஒரு சனிக்கிழமை. ஞாயிறு மாலை எங்கள் தெரு அம்மாள் ஒருவர் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுத வந்தார். கிளியனூரில் இது எனக்கு வழக்கமான வேலை. மறுநாள் திங்கள், விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். அதை விட்டால் இன்னும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். "கையாலேயே எழுதிடுங்களேன் ஐயா" என்றார். என் கை நடுக்கத்தில் எழுதினால் எனக்கே படிக்க வராது. தட்டச்சு ஒன்றுதான் வழி.

தட்டினேன். ஹெச் விசையில் 'க' வர வேண்டும், 'ப' வந்தது. ஜே விசையில் 'ப' வர வேண்டும், 'ர' வந்தது. எல் விசையில் மட்டும் 'த' சரியாகவே வந்தது.

இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். கெட்டுப்போன விசை எழுத்தே தராது. அல்லது ஒரே எழுத்தை வரிசையாகக் கொட்டிக்கொண்டே போகும். ஒவ்வொரு தடவையும் தவறாமல் அதே வேறு எழுத்தைத் தராது. அப்படித் தந்தால் கீபோர்டு நன்றாக இருக்கிறது, விசை அமைப்புதான் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆங்கிலத் தட்டச்சில் க்யூ இருக்கும் இடத்தில் பிரெஞ்சுத் தட்டச்சில் ஏ இருக்கும். டபிள்யூ இருக்கும் இடத்தில் இசட். எண்களுக்கு ஷிப்டை அழுத்த வேண்டும். பழைய இயந்திரத்தில் எழுத்து இரும்பில் வார்க்கப்பட்டிருந்தது, மாற்ற முடியாது. கணினியில் அப்படி இல்லை. விசை தன் இட எண்ணை மட்டும் உள்ளே அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று முடிவு செய்வது இயங்குதளத்தில் இருக்கும் பட்டியல்.

என் விரல்கள் பழகியது தமிழ் 99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. இப்போது கணினியில் இருந்ததோ இன்ஸ்கிரிப்ட். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்தது. இரண்டிலும் உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். அதனால்தான் பாதி சரி, பாதி தவறு என்று குழப்பியது.

சரிசெய்யும் வழி இது. செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதில் 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்' போங்கள். தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' திறந்து, 'ஆட் எ கீபோர்டு' என்பதில் உங்கள் கைக்குப் பழகியதைச் சேருங்கள். வேண்டாததை நீக்கிவிடுங்கள். பிறகு விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறும்.

பத்து நிமிடத்தில் மனு அச்சாகிவிட்டது. அம்மாள் திங்கள் காலை முதல் பஸ்ஸிலேயே போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இன்னும் இரண்டு செய்தி. கடவுச்சொல் சரியாக இருந்தும் கணினி ஏற்க மறுத்தால், திரையின் கீழ் மூலையில் எந்த மொழி நிற்கிறது என்று முதலில் பாருங்கள். பிரெஞ்சு அமைப்பில் நின்றால் ஏ அடித்தது க்யூ ஆகிவிடும். கடவுச்சொல்லோ புள்ளியாகத்தான் தெரியும். பழைய கோப்புகள் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தால் அதற்கும் கீபோர்டுக்கும் சம்பந்தமில்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு புதிய கணினியில் இல்லை, அவ்வளவுதான். கோப்பை அழித்துவிடாதீர்கள். அந்த எழுத்துருவை மறுபடி போட்டால் எழுத்து அத்தனையும் திரும்பி வரும்.