குடகில் ஒரு குலமனை

நம் பல்கலைக்கழகத்தில் குடகு மாணவர் சிலர் பயில்கின்றனர். அவர்களுள் ஒருவன் என் நண்பன். "உன் வீடு எங்கே?" என்று ஒருநாள் கேட்டேன். "பெங்களூரில் இருப்பது நாங்கள் குடியிருக்கும் இடம், வீடு குடகில் இருக்கிறது" என்றான். சென்ற புத்தரித் திருநாளுக்கு என்னையும் அங்கே அழைத்துச் சென்றான்.

ஒரே முன்னோன் வழிவந்த குடும்பங்களின் கூட்டத்தைக் குடகர் "ஒக்க" என்பர். நம் "ஒக்கல்" என்னும் சொல்லுக்கு அது உறவு. இல்வாழ்வான் பேணவேண்டியவர்களைக் கூறும் வள்ளுவர், தென்புலத்தாரை முதலில் வைத்து, ஒக்கலையும் உடன் சேர்த்தார். குடகரோ இவ்விருவரையும் ஒரே வளவில் வைத்திருக்கின்றனர். ஒக்கத்தின் அந்த மூலவீடே "ஐன்மனை".

அது புனிதமானது எவ்வாறு? கோயிலாக எழுந்த கட்டடம் அன்று அது, உழவர் வீடுதான். அரசர் காலத்தில் படைப்பணியை முன்னிட்டுக் குறைந்த வரிக்கு விடப்பட்ட "ஜம்மா" நிலம் தனியாளுக்கு உரியதாக இருக்கவில்லை; ஒக்கத்துக்கே உரியதாக இருந்தது. எவரும் தம் விருப்பப்படி விற்றுவிட முடியாதிருந்தது. 1834இல் ஆங்கிலேயர் குடகைக் கைப்பற்றிய பின்னும் அவ்வழக்கம் நீடித்தது. கழனி பிரியாததால் வீடும் பிரியவில்லை. வீடு பிரியாததால் முன்னோர் நினைவும் அங்கேயே நிலைத்தது.

நடுவே முற்றம், நாற்புறமும் அறைகள். "நெல்லக்கி நடுபாடெ" என்னும் கூடத்தில் ஒரு தூக்குவிளக்கு. காலையும் மாலையும் அதை ஏற்றவேண்டும். மனையின் அருகே முதல் முன்னோனுக்கு "கைமட" என்னும் சிறு கோயில். அவனைக் "காரணவன்" என்கின்றனர். அவனுக்குப் படையலிடுபவர் ஒக்கத்தின் பெரியவரே.

புத்தரி இரவில் எல்லாரும் விளக்கின்முன் கூடி, பிறகு வயலுக்கு நடந்தோம். வேட்டு முழங்கிற்று. புதுக்கதிரை அறுக்கையில் "பொலி பொலி" என்று குரல் எழுந்தது. நம் களத்துமேட்டிலும் கேட்கும் அதே சொல்! கதிரைச் சுமந்துவந்து மனையில் கட்டினர். அவர்களுள் வங்கி அலுவலரும் உண்டு, படைவீரரும் உண்டு. ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் ஐன்மனைகளும், இடிந்துபோனவையும் இன்று உண்டென்று நண்பனின் பெரியப்பா வருந்தினார். "விளக்கேற்ற ஆள் இருக்கும் வரைதான் இது மனை, இல்லாவிட்டால் வெறும் மரமும் ஓடும்" என்றார்.

அச்சொல் என்னை உறுத்திற்று. பொருநைக் கரையில் எங்கள் தாத்தா வீடு மூன்று பங்காகி நிற்கிறது. சித்திரையில் விற்றுவிடலாம் என்பது பங்காளிகளின் பேச்சு. அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன்: "வயலைப் பிரித்துக்கொள்ளுங்கள், அப்பா. தாத்தா படமும் மாடவிளக்கும் இருக்கும் கூடத்தை மட்டும் பொதுவில் விடுங்கள். தைப்பொங்கலுக்கு எல்லாரும் அங்கே கூடுவோம்."

"வரி யார் கட்டுவது? ஓடு யார் மாற்றுவது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சித்தப்பா பிள்ளைகளையும் சேர்த்து நாங்கள் ஐவர். உதவித்தொகையில் மாதம் ஒரு சிறுதொகை ஒதுக்க நான் ஒப்பினேன், இருவர் இசைந்துவிட்டனர், இருவர் யோசிக்கின்றனர்.

அன்பர்களே, உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கூடம் இருக்கக்கூடும். பத்திரத்தில் கையெழுத்து விழுமுன், அங்கே மாலையில் விளக்கேற்றுபவர் யாரென்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.