புளியும் உண்ணிச்செடியும்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் செல்லும்போது இரு தாவரங்கள் என் கருத்தைக் கவர்வதுண்டு. ஒன்று, சாலையோரத்தில் குடையென நிழல் விரித்து நிற்கும் புளியமரம். மற்றொன்று, காட்டோரத்தில் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்திருக்கும் உண்ணிச்செடி. இவற்றுள் நம் நாட்டுக்கு உரியது எது என்று வினவினால், புளியே என்று பலரும் விடையிறுப்பர். உண்மையில் இரண்டும் அயல்நாட்டிலிருந்து வந்தவையே!

புளியின் தாயகம் ஆப்பிரிக்கா. அது பழங்காலத்திலேயே இங்கு வந்து, நம் சமையலிலும் வாழ்விலும் கலந்துவிட்டது. அரேபியர் அதன் கனியை ‘இந்தியப் பேரீச்சை’ என்றனர். 1753இல் அதற்கு அறிவியற்பெயர் சூட்டிய லின்னேயசும் ‘இண்டிகா’ என்னும் சொல்லை அதனுடன் இணைத்தார். இன்று புளியை உலுக்கியும், ஓடு நீக்கியும், கொட்டை எடுத்தும் பிழைக்கும் குடும்பங்கள் தருமபுரி மாவட்டத்தில் பல உள்ளன.

உண்ணிச்செடி வெப்பமண்டல அமெரிக்காவில் தோன்றியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பூவின் அழகுக்காகக் கல்கத்தா தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து நாடெங்கும் பரவிக் காடுகளிலும் புகுந்தது. அதன் கரிய பழங்களை உண்ணும் பறவைகள் விதைகளைத் தொலைவுக்குக் கொண்டு செல்கின்றன. தாயகத்தில் அதனை அடக்கிவைத்த பூச்சிகள் பல இங்கு இல்லை. அடர்ந்த புதர் ஒளியை மறைப்பதால் அடியில் புல் குறைகிறது, மரக்கன்றுகளும் தலையெடுப்பதில்லை. நச்சுடைய அதன் இலையைத் தின்னும் கால்நடைகள் நோயுறுகின்றன. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் இம்மாவட்டத்திலும் பரந்துள்ளது. அத்தகைய காடுகளில் புல் அருகினால் மானும் யானையும் எங்கே மேயும்?

அயல்நாட்டில் பிறந்தமை ஒரு குற்றமாகுமா? பாலக்கோட்டில் விளையும் தக்காளியும், நாம் உண்ணும் மிளகாயும் நிலக்கடலையும் அமெரிக்க மண்ணில் தோன்றியவைதாமே! புளியின் நிழலிலும் பயிர் செழிப்பதில்லை. ஆயினும் அது தன் நிழலின் எல்லையைக் கடந்து காட்டைக் கவர்ந்துகொள்வதில்லை. எனவே, ஒரு தாவரம் எங்கிருந்து வந்தது என்பதோடு, வந்த இடத்தில் பிற உயிர்களை வாழவிடுகிறதா என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

அயல் தாவரப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையை வகுத்தது. ஆயினும் இப்பணி எளிதன்று. உண்ணிச்செடியை மேலே வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். ஆதலின் வேர்க்கட்டையோடு அகற்றுதல் வேண்டும். அகற்றிய நிலத்தை வெறுமையாக விட்டால், மண்ணில் கிடக்கும் விதைகள் அடுத்த மழையில் முளைத்துவிடும். அவ்விடத்தில் நம் நாட்டுப் புல்லையும் மரங்களையும் வளர்த்து, சில ஆண்டுகள் காத்தல் வேண்டும். மீண்டும் புல் தழைத்து மான் மேய வரும் நாளிலேயே அப்பணி நிறைவு பெறும்.